உதட்டில் எழுதிய குறிப்பு

நாயாற்று நீரேரி கடலோடு கலக்கும் கரையில், கரைவலை இழுத்துச் சீவிக்கும் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். அவ்வீட்டுச் சிறுவனின் உதட்டில் மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் இருந்தன. தாயின் உதட்டிலும் அவை மங்கலாகத் தெரிந்தன. வெற்றிலைக் கறை என்றே நாம் எண்ணியிருந்தோம். பையன் அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விடுவான். “நாவூறுதான் சேர், திருநீறு போட்டால் விட்டிடும்” என்றாள் தாய். படித்தவர்கள் என்று பெயர் பெற்ற நாமும் தலையாட்டிவிட்டு வந்தோம். அதை நினைக்க இன்று வெட்கமாயிருக்கிறது.

ஒருநாள் வலி விடவில்லை. முல்லைத்தீவுக்கும், அங்கிருந்து நூறு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள யாழ்ப்பாணத்துக்கும் அவனைக் கொண்டு சென்றார்கள். சட்டைக்கை உள்மடிவது போலச் சிறுகுடலின் ஒரு பகுதி மற்றொன்றினுள் செருகிக் கிடந்தது. அதை இழுத்துச் சென்றது ஒரு சதைமுளை. ‘பொலிப்’ என்பர் மருத்துவர். சத்திரசிகிச்சை அவனைக் காத்தது. ஆனால் வயிற்றைத் திறக்குமுன்பே மருத்துவர் அவன் உதட்டைப் பார்த்து நோயை ஊகித்திருந்தார்.

பொயிட்ஸ்-ஜெகர்ஸ் நோய் என்பது அதன் பெயர். நெதர்லாந்து மருத்துவர் பொயிட்ஸ் 1921 இல் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டெழுதினார். 1949 இல் அமெரிக்கர் ஜெகர்ஸும் அவர் தோழர்களும் விரித்துரைத்தனர். இதற்குக் காரணமான மரபணுப் பழுது 1998 இல் கண்டறியப்பட்டது. பெற்றோரில் ஒருவருக்கு இப்பழுது இருந்தால், ஆணாயினும் பெண்ணாயினும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி அது வரக்கூடும். உதட்டுப் புள்ளிகள் வயதோடு மங்கும். கன்னத்தின் உட்புறத்தில் உள்ளவை பெரும்பாலும் நிலைக்கும். முளைகள் மெல்லக் கசிந்து குருதிச்சோகையைத் தரும். குடல், கணையம், மார்பு முதலிய உறுப்புகளில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட இவர்களுக்கு மிகுதி.

பழுதையே நீக்கும் மருந்து இல்லை. எனினும் கதியற்ற நோய் அன்று இது. ஏறக்குறைய எட்டு வயதிலிருந்தே குடலை அகநோக்கிக் குழாயாலும், விழுங்கும் சிறு கமராவாலும் ஆராய்ந்து, முளைகள் பெருக்குமுன் அகற்றலாம். வளர்ந்தபின் மற்ற உறுப்புகளையும் காலந்தோறும் சோதித்து வரவேண்டும்.

“குடும்பத்தில் வேறு யாருக்கேனும் உண்டா?” என்று மருத்துவர் கேட்டார். “அம்மா வயித்துக்குத்திலதான் செத்தவ” என்றாள் தாய். அதற்கு மேல் அவளால் சொல்ல இயலவில்லை. 1984 இல் இடம்பெயர்ந்த கரையோரக் கிராமங்களுள் நாயாறும் ஒன்று. ஓடிய மக்கள் ஆஸ்பத்திரித் துண்டையா கட்டிக்கொண்டு ஓடினார்கள்? பரம்பரை நோயைக் கண்டறியப் பரம்பரையின் நினைவு வேண்டும். அதுவோ முகாம் முகாமாகச் சிதறிப் போயிற்று.

அவ்வீட்டில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளையும் உண்டு. அவள் உதட்டிலும் புள்ளிகள் உள. “சொல்லாதேங்கோ சேர், நாளைக்கு ஆர் கட்டுவினம்?” என்று தாய் எம் கையைப் பற்றினாள். அந்த அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. ஊருக்குச் சொல்லவேண்டியதில்லை, மருத்துவருக்குச் சொன்னாற் போதும் என்றோம். அரசினர் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. ஆயின் பஸ் காசும், வலைக்குப் போகாத நாளின் பங்கும் அவர்களுக்குப் பெருங்கட்டணமே. ஊர் தோறும் வரும் மருத்துவப் பணியாளர் பிள்ளைகளின் உதட்டை ஒருமுறை உற்றுப் பார்த்தால், எத்தனையோ வீடுகளின் வீண் அலைச்சல் குறையும்.

அடுத்த திங்கட்கிழமை கிளினிக் நாள். தாயும் மகளும் முதல் பஸ்ஸில் புறப்படுகிறார்கள். நாமும் உடன் செல்கிறோம்.