கரையில் கேட்ட சொற்கள்

ஐம்பத்திரண்டாம் வயதில் நான் ஸ்கூபா நீச்சல் கற்றுக்கொள்ளத் தூத்துக்குடிக்குச் சென்றேன். காற்று அடைத்த உருளையை முதுகில் சுமந்து, அக்காற்றை வாய்வழியே சுவாசித்தபடி நீருக்கடியில் நீந்துவதே ஸ்கூபா. பிரான்சு நாட்டினரான ழாக் கூஸ்தோவும் எமில் கன்யானும் 1943இல் உருவாக்கிய மூச்சுக்கருவியின் வழிவந்த கருவிகளே இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. மூன்று நாள்கள் நீச்சல் குளத்தில் பயிற்சி, அதன்பின் கடல். கருவிகளோடு பழகுவது எனக்கு அவ்வளவு கடினமாக இல்லை. அக்கருவிகளைக் கண்டதும் என்னிடம் வந்து பேசியவர்களோடு பழகுவதுதான் கடினமாக இருந்தது.

தொடர்வண்டியில் எதிர் இருக்கையில் அமர்ந்திருந்தவர், பையிலிருந்து எட்டிப் பார்த்த முகக்கண்ணாடியைக் கண்டவுடன் தொடங்கினார். “இந்த வயசுல எதுக்கும்மா இந்த வேலை? ஆக்சிஜன் தீர்ந்துபோனா என்ன செய்வீங்க?” உருளையில் இருப்பது தனி ஆக்சிஜன் இல்லை, நாம் இப்போது சுவாசிக்கும் இதே காற்றுதான் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் நம்பவில்லை. தேநீர்க் கடையில் ஒருவர், என் தும்மலைக் கேட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து நீட்டினார். அதைப் போட்டுக்கொண்டு இறங்கினால் சளி அடைப்பு தெரியாதாம். பத்து ஆண்டுகளாக அவர் அதைத்தான் விழுங்குகிறாராம். பயிற்றுநரோ, சளி பிடித்திருந்தால் கடலில் இறங்கவே வேண்டாம் என்றார். மாத்திரையின் ஆற்றல் நீருக்கடியில் இருக்கும்போதே தீர்ந்துவிடலாம். அப்போது காதினுள் சேர்ந்த காற்று வெளியேற வழியின்றி, மேலே வரும்போது செவிப்பறையை அழுத்தும். அன்று நான் இறங்கவில்லை. மாத்திரை தந்தவர் என்னைக் கோழை என்று எண்ணியிருக்கக்கூடும்.

விடுதி வாசலில் ஒரு மூதாட்டி, கடலுக்குள் போய் வந்த மறுநாளே விமானம் ஏறிவிடாதே என்று எச்சரித்தார். சகுனம் பார்க்கிறார் என்று எண்ணி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். மறுநாள் பாடப்புத்தகத்தில் அதே செய்தி இருந்தது. ஆழத்தில் சுவாசிக்கும்போது உடலில் கரையும் நைட்ரசன் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அது வெளியேறும் முன் காற்றழுத்தம் குறைந்த உயரத்திற்குச் சென்றால் குருதியிலும் திசுக்களிலும் குமிழிகள் தோன்றலாம். ஆகவே, பலநாள் பயிற்சிக்குப்பின் குறைந்தது 18 மணி நேரம் கடந்தே விமானம் ஏற வேண்டும். அந்த அம்மையாரின் மகன் கப்பல் துறையில் பணிபுரிந்தவர் என்று பின்னர் அறிந்தேன். பேசும் தோற்றத்தை வைத்துச் சொல்லை எடைபோட்டது என் பிழை.

கரையில் நாள்தோறும் ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். எழுபதைக் கடந்தவர். இளமையில் சங்கு குளித்தவர். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பது தொடர்ந்தது. கருவி எதுவுமின்றி மூச்சடக்கிக் கடலடிக்குச் சென்று சங்கெடுத்த தலைமுறையின் கடைசி வரிசையைச் சேர்ந்தவர் அவர். முதல் நாள் என்னை அழைத்து, “மூச்சு எவ்வளவு நேரம் பிடிப்பீங்கம்மா?” என்று கேட்டார்.

“பிடிக்கவே கூடாதுன்னு சொல்லியிருக்காங்க ஐயா.”

அவர் சிரித்தார். “மூச்சைப் பிடிக்காம கடலுக்குள்ள போறவங்கள நான் பார்த்ததில்ல. கீழ என்ன நடந்தாலும் சரி, மூச்சைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. விட்டுடாதீங்க. எங்க அப்பா எனக்குச் சொன்னது இது ஒண்ணுதான்.”

அந்தச் சொல்லில் பொய் இல்லை. நாற்பது ஆண்டுகள் அவரை உயிரோடு கரைசேர்த்த சொல் அது. ஆனால் என்னைக் கொன்றுவிடக்கூடிய சொல்லும் அதுவே. இதை விளங்கிக்கொள்ள எனக்கு ஓர் இரவு தேவைப்பட்டது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு அழுத்தம் 10 மீட்டரில் இருக்கும். சங்கு குளிப்பவர் கரைக்காற்றை நான்கு லிட்டர் இழுத்துக்கொண்டு இறங்குகிறார் என்று கொள்வோம். 10 மீட்டரில் அது இரண்டு லிட்டராகச் சுருங்கும். அவர் மேலே வரும்போது மீண்டும் நான்கு லிட்டராகும். கொண்டுபோனதைத்தான் கொண்டுவருகிறார், அவர் நுரையீரலுக்கு ஊறு இல்லை. ஸ்கூபா நீச்சலரின் நிலை வேறு. அவருடைய கருவி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அவர் நுரையீரலை நான்கு லிட்டர் காற்றால் நிரப்பி, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அது எட்டு லிட்டராக விரிய முயலும். நுரையீரல் அதைத் தாங்காது, கிழிந்துவிடும். அதனால்தான் ஸ்கூபா வகுப்பின் முதல் விதி, ‘மூச்சை ஒருபோதும் அடக்காதே’ என்பது. ஒரே கடல், ஒரே ஆழம். மூச்சு எங்கே எடுக்கப்பட்டது என்பதில்தான் வேறுபாடு.

பெரியவரிடம் இதை எடுத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். நான் தலையாட்டப் பழகியது இப்படித்தான். மறுப்பவர்களிடம் வாதம் வளர்கிறது, விளக்கம் சொல்பவர்களிடம் மேலும் இரண்டு அறிவுரைகள் சேர்கின்றன, தலையாட்டினால் விட்டுவிடுகிறார்கள். வகுப்பறையில் கேட்காமலேயே அறிவுரை வழங்கி முப்பது ஆண்டுகள் வாழ்ந்த எனக்கு, என் மாணவர்கள் ஏன் அவ்வளவு அழகாகத் தலையாட்டினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

அந்தப் பழக்கத்தின் விலையை நான்காவது கடற்பயிற்சியன்று கண்டேன். இறங்கும் முன் இணையாக நீந்தும் இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சரிபார்க்க வேண்டும். பார்த்தோம், எல்லாம் சரியாக இருந்தது. படகின் விளிம்பில் அமர்ந்திருந்தேன். அருகில் இருந்த பயணி ஒருவர், பல கடல்களில் நீந்தியவர், என் முதுகுப்புறம் எட்டி, “வால்வை முழுசாத் திறந்து வைக்கக் கூடாதும்மா. கால் சுற்று பின்னால திருப்பணும்” என்று சொல்லிக்கொண்டே அதைத் திருகினார். என்னைக் கேட்கவில்லை. நானும் மீண்டும் சரிபார்க்கவில்லை. வழக்கம்போல் தலையாட்டி, நன்றி வேறு சொல்லிவிட்டுக் கடலில் இறங்கினேன்.

12 மீட்டர் ஆழத்தில் மூச்சு கனத்தது. தடித்த துணியின் வழியே காற்றை உறிஞ்சுவதுபோல் இருந்தது. அழுத்தமானியைப் பார்த்தேன். ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் முள் கீழே சரிந்து, பின் எழுந்தது. உருளையில் காற்று நிறைய இருந்தது, எனக்குத்தான் வரவில்லை. அந்த நொடியில் உடம்பு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டது: இருக்கும் மூச்சை இறுகப் பிடி, மேலே பாய்ந்துவிடு. பெரியவரின் குரல் காதருகே கேட்டதுபோலவே இருந்தது. பிடித்துக்கொள்ளத் தொடங்கினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. எப்படியோ, வகுப்பில் நூறுமுறை செய்த பயிற்சி முந்திக்கொண்டது. உதடுகளின் வழியே சிறு குமிழிகளை விட்டேன். உள்ளங்கையை விரித்து இருபுறமும் ஆட்டி, ‘ஏதோ சரியில்லை’ என்று சைகை காட்டி, மார்பைச் சுட்டினேன்.

பயிற்றுநர் இரண்டு வீச்சில் அருகில் வந்தார். தம்மிடமிருந்த உதிரி மூச்சுக்கருவியை என் வாயில் பொருத்தினார். பின்னர் என் முதுகுப்புறம் கைவைத்து வால்வைத் திருகினார். முள் அசைவற்று நின்றது. கட்டைவிரலை உயர்த்தி ‘மேலே போவோம்’ என்றார். மெதுவாக, குமிழிகளை விட்டபடியே மேலே வந்தோம்.

நடந்தது இதுதான். அந்தப் பயணி வால்வைத் தவறான பக்கம் திருகியிருந்தார். முழுவதும் மூடி, பிறகு கால் சுற்று மட்டும் திறந்திருந்தார். படகில் அமர்ந்து சுவாசிக்க அந்தச் சிறு திறப்பு போதும். 12 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இருமடங்குக்கு மேல் காற்று வேண்டும். அதற்கு அத்திறப்பு போதாது.

செய்தி அறிந்ததும் அவர் முகம் வெளிறியது. நெடுநேரம் பேசவில்லை. கால் சுற்று பின்திருப்புவது அவர் பயின்ற காலத்தில் உண்மையாகவே கற்பிக்கப்பட்ட முறையாம். குழப்பத்திற்கு இடம் தருவதால், முழுவதும் திறந்துவிடுவதே நல்லது என்று இப்போது கற்பிக்கிறார்கள். அவர் தீயவர் இல்லை. எனக்கு நன்மை செய்ததாகவே நம்பியிருந்தார். அவர்மேல் எனக்குச் சினம் வந்தது. ஆனால் இரவில் படுத்தபின், அவர் கை என் முதுகுப்புறம் நீண்டபோது ‘கையை எடுங்கள்’ என்ற இரு சொற்களை நான் ஏன் சொல்லவில்லை என்பதுதான் உறங்கவிடவில்லை. ஒரு மனிதரின் முகம் வாடிவிடக் கூடாது என்பதற்காக என் மூச்சை அவரிடம் கொடுத்திருந்தேன்.

முத்துக்குளிப்பவர் தம் இடுப்புக்கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார் என்று தூத்துக்குடியில் சொல்வதுண்டு. தன் உடன்பிறந்தாள் வாழ்வு குலைய மைத்துனர் விடமாட்டார் என்பது கணக்கு. கரையில் எத்தனை பேர் என்ன பேசினாலும் கயிறு ஒருவர் கையில்தான்.

இப்போது யார் எதைச் சொன்னாலும், “சொல்லுங்கள், கேட்கிறேன். கருவியில் மட்டும் கைவைக்க வேண்டாம்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் வாடுகிறது. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டால் பாதிப்பேர் நின்றுவிடுகிறார்கள். காரணம் சொல்பவர்களிடம் உட்கார்ந்து கேட்கிறேன். நீரில் இறங்கும் கடைசி நொடியில், முள்ளைப் பார்த்தபடி நான்கு முறை மூச்சிழுக்கிறேன். அதற்குப்பின் எவர் கையும் என் முதுகுப்பக்கம் வரக்கூடாது.

பயிற்சியின் கடைசி நாள் காலை, பெரியவரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு லிட்டர், எட்டு லிட்டர் கணக்கை மணலில் வரைந்து காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். “அப்போ நீங்க கீழ இருக்கிற காத்தை மேல கொண்டு வர்றீங்க. நாங்க மேல இருக்கிற காத்தைக் கீழ கொண்டு போனோம்” என்றார். என் இரவு முழுவதும் பிடித்த பாடத்தை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். பிறகு, மூச்சுக்கருவியைத் தரச் சொல்லி வாயில் வைத்து இரண்டு முறை இழுத்தார். “கடல் வாசமே இல்லையே” என்று திருப்பித் தந்தார்.

அதற்குள் பயிற்றுநர் அங்கு வந்து, “தாத்தா, இன்னைக்கு நீவாடு எப்படி?” என்று கேட்டார். நீரோட்டத்தை அவர்கள் நீவாடு என்பார்கள். நாள்தோறும் அவரிடம் இதைக் கேட்காமல் பயிற்றுநர் படகை எடுப்பதில்லை என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் எழுந்து நின்று கடலைப் பார்த்தார்.

“பத்து மணிக்கு மேல இழுக்கும். அதுக்குள்ள ஏறிடுங்க.”

ஏன் என்று கேட்டேன். தொலைவில் நீரின் நிறம் மாறும் கோட்டையும், நங்கூரமிட்ட வள்ளங்கள் திரும்பி நின்ற திசையையும் காட்டினார். அன்று 9.40 மணிக்கெல்லாம் நாங்கள் படகில் ஏறிவிட்டோம். கரைக்குத் திரும்பும்போது, நங்கூரக் கயிறுகள் விறைத்து நிற்பதைப் பார்த்தேன்.