தூங்கினாரா, உட்கார்ந்திருந்தாரா?

யார்க், இங்கிலாந்து



சில நாள்களில் காற்று எங்கள் தெருப் பக்கம் திரும்பும்போது சாக்லேட் வாசம் வீசும். ஹாக்ஸ்பி சாலையில் இருக்கும் பழைய ரவுண்ட்ரீ ஆலையிலிருந்து வருவது அது. கிட்கேட் பிறந்த இடம். 1988-ல் நெஸ்லே வாங்கிக்கொண்டது. இந்த ஊருக்கு வந்து ஐந்து வருஷமாகிறது. ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்களும், லேபில் என்னோடு இருந்த பிள்ளைகளும் தவறாமல் ஒன்று கேட்கிறார்கள்: "பயோகெமிஸ்ட்ரி படிச்சு, ஒன்பது வருஷம் லேப்ல இருந்துட்டு, எதுக்கு ஹெச்.ஆர். வேலைக்குப் போனீங்க?" போனில் சொல்லி முடிகிற பதில் அல்ல. இங்கே எழுதுகிறேன்.

கோவையில் நான் இருந்தது ரத்தப் பரிசோதனை லேப். ஒரு சமயம், குளுக்கோஸ் கன்ட்ரோலின் (கருவியைச் சரிபார்க்க வைத்திருக்கும், அளவு முன்பே தெரிந்த மாதிரி) அளவு சில நாள் காலையில் மட்டும் தப்பாக வந்துகொண்டிருந்தது. கருவியை மூன்று முறை சரிபார்த்தோம். ரீஏஜென்ட்டை மாற்றினோம். ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைக் குறித்துப் பார்த்தோம். மூன்று வாரம் கழித்து ட்யூட்டி நோட்டைப் புரட்டும்போதுதான் விஷயம் கண்ணில் பட்டது. தப்பு வந்த நாள்களிலெல்லாம் ஒரே டெக்னீஷியன், ராத்திரி ட்யூட்டியை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் காலை ட்யூட்டியும் பார்த்திருக்கிறார். கன்ட்ரோல் பொடியைக் கரைக்கத் தண்ணீர் அளக்கும்போது கை தடுமாறியிருக்கிறது. கருவியை மூன்று முறை சோதித்த நாங்கள், அந்தப் பெண்ணிடம் ஒரு முறைகூட "தூங்கினாயாம்மா?" என்று கேட்கவில்லை. ட்யூட்டிப் பட்டியலை மாற்றினேன், அளவு சரியானது. இந்த வேலை எனக்குள் தொடங்கியது அந்த வாரம்தான்.

பிறகு கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. அவருடைய விசாவில் நானும் வந்தேன். சி.ஐ.பி.டி. என்ற மனிதவள அமைப்பின் படிப்புகள் 3, 5, 7 என்று மூன்று நிலைகளில் இருக்கின்றன. ஐந்தாம் நிலையில் சேர்ந்தேன். படித்துக்கொண்டே ஓர் உணவுத் தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் உதவியாளரானேன். முப்பத்தாறு வயதில் கடைசி நாற்காலி. கோவையில் என் கையெழுத்து இல்லாமல் ரிப்போர்ட் வெளியே போகாது. இங்கே லீவு விண்ணப்பங்களைத் தேதிவாரியாக அடுக்கினேன். மனசு சுருங்கத்தான் செய்தது.

இரண்டாம் மாதம், ஒழுங்கு விசாரணை ஒன்றில் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள். "கோபமாகப் பேசினார்" என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். எங்கள் மேலாளர் அந்த வரிக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டார். "கோபம் என்பது உங்கள் முடிவு. நீங்கள் பார்த்தது என்ன?" யோசித்துச் சொன்னேன்: குரல் உயர்ந்தது, நாற்காலியைப் பின்னால் தள்ளினார், இரண்டு முறை தண்ணீர் குடித்தார். "அதை எழுதுங்கள்" என்றார். கல்லூரியில் எங்கள் பேராசிரியர் சொல்லிக் கொடுத்த பாடம்தான் இது. சோதனைக் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிந்தால் வெள்ளைப் படிவு என்று எழுது. புரதம் என்று எழுதாதே.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அப்பா ஞாபகம்.

அப்பா பஞ்சாலையில் சைடர்; ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் எட்டாவது படிக்கும்போது, நைட் ஷிப்டில் தலைசுற்றி ரிங் பிரேம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். லேபர் ஆபீசர் கூப்பிட்டு விசாரித்தார். இங்கிலீஷில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டுவிட்டு வந்தார். வீட்டில் அந்த நகலை எழுத்துக்கூட்டிப் படித்தது நான்தான். வேலை நேரத்தில் தூங்கியதை ஒப்புக்கொள்கிறேன் என்று இருந்தது. "நான் தூங்கல அம்மிணி, உக்காந்துதான் இருந்தேன்" என்றார். நாலு நாள் சம்பளம் போயிற்று. பணம் போனதை மறந்துவிட்டார். அந்தச் சொல்லை இன்னும் மறக்கவில்லை.

நான் வந்து சேர்ந்த தொழிலுக்கு இந்த ஊர்தான் தாய்வீடு என்பது படிக்கும்போதுதான் தெரிந்தது. 1890-களில் ரவுண்ட்ரீ ஆலை, பெண் தொழிலாளரின் நலம் பார்க்க மேரி வுட் என்ற பெண்ணை நியமித்தது. 1913-ல் யார்க்கில் கூடிய மாநாட்டில் பிறந்த நலப்பணியாளர் சங்கம்தான் வளர்ந்து இன்றைய சி.ஐ.பி.டி. ஆகியிருக்கிறது. அதற்கு முன்னின்ற சீபோம் ரவுண்ட்ரீ, மான்செஸ்டரின் ஓவன்ஸ் கல்லூரியில் வேதியியல் படித்தவர்! குடியும் ஊதாரித்தனமும்தான் ஏழ்மைக்குக் காரணம் என்று பலரும் பேசிய காலத்தில், 1899-ல் இந்த ஊரின் 11,560 குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். உடம்புக்கு எவ்வளவு கலோரி வேண்டும், அதற்கு எவ்வளவு ரொட்டியும் ஓட்ஸும் ஆகும், என்ன விலை, வாடகை எவ்வளவு என்று கணக்குப் போட்டார். ஊரில் 27.84 சதவீதம் பேர் வறுமையில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர், ஒரு காசு வீணாக்காமல் செலவழித்தாலும் வயிற்றுக்குப் போதாத வருமானக்காரர்கள். இந்தப் பகுதியினரில் பாதிக்கு மேற்பட்டோருக்குக் காரணம் குறைந்த கூலி. 1901-ல் இது புத்தகமாக வந்தது. வேதியியல்காரர் ஒருவர், தராசைக் கீழே வைக்காமலே தொழிலாளர் பக்கம் வந்திருக்கிறார். படித்த படிப்பு வீணாகிவிடுமோ என்று பயப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவர் கதையைத்தான்.

1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இங்கே ஒழுங்கு விசாரணைக்கு வருகிறவர் உடன் வேலை செய்பவரையோ சங்கப் பிரதிநிதியையோ துணைக்கு அழைத்து வரலாம். ஆனால் தாளில் விழும் ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதுகிற கைதான் பொறுப்பு.

சமீபத்தில் பேக்கிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்தார். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. விசாரணை முடிந்ததும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் குறிப்பை வரி வரியாகப் படித்துக் காட்டினேன். வேலை இடத்தைவிட்டு வெளியே போனதாகச் சொன்னார் என்ற வரி வந்ததும் கையை உயர்த்தினார். "போகவில்லை. கதவருகே நின்று போன் பேசியதாகத்தான் சொன்னேன்." மொழிபெயர்ப்பாளரும் ஆமாம் என்றார். அந்த வரியை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே திருத்தி எழுதி, வந்தவரும் நானும் சுருக்கொப்பமிட்டுத் தேதி போட்டோம். லேப் நோட்டில் திருத்துவதும் இப்படித்தான். அடித்தது அழியாமல், படிக்கும்படி இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போனில், ஆளைச் சொல்லாமல், அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"தப்பா இருக்குன்னு சொன்னா மாத்தி எழுதுவாங்களா அம்மிணி?"

"எழுதுவோமுங்கப்பா."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அப்ப நல்ல வேலைதான்" என்றார்.

அன்புடன்,
யார்க்கிலிருந்து உங்கள் தோழி