'இன்னிக்கு என்னடா சாப்டே?' - ஸ்ரீரங்கத்து அம்மாவும் டோக்கியோ கட்லெட் கடையும்

ஸ்ரீரங்கத்தில் இரவு ஏழரை மணி என்றால் டோக்கியோவில் பதினொன்று. வடக்கு உத்திர வீதி வீட்டில் விளக்கேற்றி, கோயில் இருக்கும் திசை நோக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டு அம்மா போனை எடுப்பார். அவருடைய முதல் கேள்வி 9 வருடங்களாக மாறவே இல்லை.

"இன்னிக்கு என்னடா சாப்டே?"

பதிலும் மாறவில்லை. "தயிர் சாதம்மா."

சில நாள் சாத்தமுது என்பான். சில நாள் அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி என்பான். அம்மாவும் "சரி, வயிறு ரொம்பச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். பருப்புப் பொடி பாட்டில் என்னவோ அலமாரியில் மூடி திறக்காமலேயே இருந்தது.

இந்தப் பொய் டோக்கியோவில் தொடங்கியது அல்ல. இதன் ஆரம்பம் திருச்சி பொன்மலையில்!

கல்லூரி நாள்களில் ஸ்ரீரங்கத்திலிருந்து 1-ம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டித் திருச்சிக்குள் போவான். அங்கே கிடைத்த நெருங்கிய நண்பனின் வீடு பொன்மலையில். தென்னிந்திய ரயில்வே 1928-ல் அங்கே பணிமனை அமைத்த பிறகு, அதைச் சுற்றியே வளர்ந்த ஊர் அது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கேக்கும் கட்லெட்டும் செய்து கிறிஸ்துமஸ் கொண்டாடும் ஊர். நண்பனின் பாட்டி ஒரு கிறிஸ்துமஸ் அன்று தட்டில் இரண்டு கட்லெட் வைத்தார். என்ன கறி என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் சாப்பிட முடியாது என்று அவனுக்குத் தெரியும்.

அன்று வீட்டுக்கு நேராகப் போக தைரியம் வரவில்லை. அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத் தலையோடு வீட்டுக்குப் போனான். "மார்கழிக் குளிர்ல இந்த நேரத்துல என்னடா ஸ்நானம்?" என்று அம்மா கேட்டார். "சும்மாதாம்மா" என்றான். அதுதான் முதல் பொய்.

இரண்டு வீட்டிலும் ஒரே சொல் இருந்தது. பொன்மலை வீட்டில் 'கறி' என்றால் இறைச்சி. உத்திர வீதி வீட்டில் 'கறியமுது' என்றால் வாழைக்காயோ கோஸோ, காய்கறிப் பொரியல். ஒரே சொல்லுக்கு இரண்டு அர்த்தம். நடுவில் காவிரி.

வேலை கிடைத்து டோக்கியோ போன பிறகு, ஜப்பானிய மொழித் தேர்வுக்கு முதல் நாள் அலுவலக நண்பர் ஒருவர் அவனை ஒரு சின்னக் கடைக்கு அழைத்துப்போனார். "இன்று 'கட்ஸு' சாப்பிட்டால் நாளை ஜெயிப்பாய்" என்றார். ஜப்பானிய மொழியில் 'கட்ஸு' என்ற ஒலிக்கு 'வெல்வது' என்றும் பொருள் உண்டு. அதனால் பரீட்சைக்கு முன்பு பிள்ளைகளுக்கு அதைச் சாப்பிடக் கொடுப்பது அங்கே வழக்கம். நம் ஊரில் தயிரும் சர்க்கரையும் கொடுத்து அனுப்புவதைப்போல!

தட்டில் வந்தது 'டொன்கட்ஸு'. 'டொன்' என்றால் பன்றி. 'கட்ஸு' என்பது வேறொன்றுமில்லை, நம் கட்லெட்தான்! பிரெஞ்சில் 'கொத்லெத்', ஆங்கிலத்தில் 'கட்லெட்', ஜப்பான் வாயில் 'கட்ஸுரெட்ஸு' ஆகி, பிறகு 'கட்ஸு' என்று சுருங்கிவிட்டது. நம் ஊர் அதைக் கொத்தி, உருளைக்கிழங்கு சேர்த்துத் தட்டிப் பொரித்தது. ஜப்பான் முழுத் துண்டாகவே மாவு, முட்டை, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் போட்டது.

இத்தனைக்கும் ஜப்பான் ஒரு காலத்தில் இறைச்சிக்குக் கதவடைத்த நாடு. கி.பி. 675-ல் டென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கில் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக இறைச்சி என்பது அங்கே மறைத்துப் பேசும் விஷயமாகவே இருந்தது. 1872-ல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்பதே பெரிய செய்தி ஆனது. 1895-ல் டோக்கியோவின் கின்சா பகுதியில் தொடங்கிய 'ரெங்காதெய்' உணவகம், சில வருடங்களில் பன்றி இறைச்சி கட்லெட்டைப் பரிமாற ஆரம்பித்தது. இன்று மூலைக்கு மூலை கட்ஸு கடைதான். ஒரு நாடே மாறியிருக்கிறது. ஆனால், அதை அம்மாவிடம் சொல்லத்தான் அவனால் முடியவில்லை.

தேர்வில் பாஸ் ஆனான். வாரம் ஒருமுறை அந்தக் கடை என்பது வழக்கமானது.

இந்த வருடம் பங்குனி உத்திரம் முடிந்த கையோடு, 68 வயதில் அம்மா முதல் முறையாக விமானம் ஏறினார். 45 நாள்கள். இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷி-கசாய் பகுதியில் மகனின் வீடு. வந்த மறுநாளே சமையலறை அம்மா வசம் போனது. தினமும் தளிகை, ஏகாதசிக்கு உபவாசம், துவாதசிக்கு அகத்திக்கீரை கிடைக்கவில்லையே என்ற குறை. மகனும் தயிர் சாதம் சாப்பிட்டான், இந்த முறை நிஜமாகவே.

ஊர் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அம்மா சொன்னார். "நீ வழக்கமா சாப்பிடற கடைக்கு என்னை ஒரு நாள் அழைச்சுண்டு போ."

"எந்தக் கடைம்மா?"

அம்மா எழுந்துபோய், தன் கைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பத்து முறை சாப்பிட்டால் ஒரு முறை இலவசம் என்று கடையில் முத்திரை குத்தித் தரும் அட்டை. ஏழு முத்திரை விழுந்திருந்தது. எழுத்து புரியாவிட்டால் என்ன... அட்டையின் நடுவில் சிரித்துக்கொண்டிருந்த பன்றிப் படம் யாருக்கும் புரியும். "வந்த ரெண்டாம் நாள் உன் சட்டையைத் தோய்க்கப் போட்டப்போ பையில இருந்துது" என்றார். அதாவது, 41 நாள்களாக அம்மாவுக்குத் தெரியும்.

மறுநாள் இருவரும் போனார்கள். பத்துப் பேர் உட்காரக்கூடிய கடை. வயதான கணவர் அடுப்படியில், மனைவி பரிமாற. எண்ணெய் வாசனைக்கு அம்மா புடவைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு, அவராகவே எடுத்துவிட்டார். "உனக்கு என்ன வேணுமோ அதைச் சொல்லு" என்றார். அவனுக்குக் குரலே எழும்பவில்லை. அந்தக் கடைக்கார அம்மாளே 'வழக்கமானதுதானே' என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

அம்மாவுக்கு வெறும் சாதமும், நூல் நூலாகச் சீவிய முட்டைகோஸும் வந்தன. மிசோ சூப்பில் மீன் சாறு இருக்கும் என்று சொல்லி அவன் அதைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். கூடவே ஒரு சின்னக் கல்வத்தில் வறுத்த எள்ளும் குழவியும். சாஸில் கலந்துகொள்ள எள்ளை அவரவரே பொடித்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் அரைத்த கடுகு, ஒரு துண்டு எலுமிச்சை.

அம்மா அத்தனையையும் ஒரு பார்வை பார்த்தார். சாதம், கோஸ், எள், கடுகு, எலுமிச்சை. "எல்லாம் நம்ம சாமான்தானேடா" என்றபடி குழவியை எடுத்தார். அவர் எள்ளைப் பொடித்த வேகத்தைப் பார்த்து கடைக்கார அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். உப்பும் எள்ளுப் பொடியும் சாதத்தில் போட்டுப் பிசைந்து, கோஸில் எலுமிச்சை பிழிந்து, எல்லோரும் குச்சியால் சாப்பிடும் கடையில் அம்மா கையால் சாப்பிட்டார். கோஸ் தீர்ந்ததும் கேட்காமலேயே மறுபடி வந்தது. பல கட்ஸு கடைகளில் சாதத்துக்கும் கோஸுக்கும் மறுசோறு இலவசம்.

மகனின் தட்டு தொடப்படாமல் இருந்தது. "ஆறிப் போறது பாரு, சாப்பிடு."

"மன்னிச்சுடும்மா."

"எதுக்கு?"

"இதைச் சாப்பிட்டதுக்கு..."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்குக் கஷ்டமா இல்லைன்னு சொல்ல மாட்டேன். ரெண்டு ராத்திரி தூங்கலை. நம்மாத்துல இது வேண்டாம், அது மாறாது. ஆனா நீ சாப்பிட்டதைவிட இன்னொண்ணுதான் மனசைப் போட்டுப் படுத்தித்து. ஒன்பது வருஷமா தினம் கேக்கறேன். நீ பதிலே சொல்லலையே. நான் யாரோட பேசிண்டிருந்தேன்?"

அவனிடம் அதற்கும் பதில் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டார். ஆனால், எழுந்து போகவில்லை. அவன் தட்டு காலியாகும் வரை உட்கார்ந்திருந்தார். வெளியே வரும்போது கடைக்கார அம்மாள் குனிந்து வணங்க, அம்மா கைகூப்பினார். அட்டையில் எட்டாவது முத்திரை விழுந்தது.

அம்மா ஊர் திரும்பி ஒரு மாதம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் இரவு ஏழரை மணிக்கு போன் வருவது நிற்கவில்லை. பல நாள் பதில் தயிர் சாதம்தான், இப்போது அது உண்மை. போன வெள்ளிக்கிழமை மட்டும் அவன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அந்தக் கடைக்குப் போனேன்மா" என்றான்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. கோயில் மணி மட்டும் லேசாகக் கேட்டது.

"கோஸ் நிறைய போட்டாளா?" என்றார் அம்மா.

"போட்டாம்மா. ரெண்டு தடவை."

"சரி... வயிறு ரொம்பச் சாப்பிடு."