லியன் போட்ட மருந்து

பேங்க் ஆபீசர் மருந்தைப் பத்தி எழுதறானேன்னு சிரிக்காதீங்க. நான் படிச்சது பி.காம் தான். ஆனா இந்த விஷயம் எங்க கவுன்ட்டர் பாஷையில சொன்னா சட்டுனு புரியும்.

உங்க கணக்குல ஒரு லட்சம் இருக்கு. அதுல தொண்ணூறாயிரத்துக்கு லியன் போட்டு வெச்சிருக்கோம். எடுக்க முடிஞ்சது பத்தாயிரம்தான். "பாஸ்புக்ல ஒரு லட்சம் காட்டுதே சார்"னு வாரத்துக்கு ரெண்டு பேராவது சண்டைக்கு வருவாங்க.

வலிப்புக்குக் குடுக்கற ஃபெனிடாயினும் (எப்டாயின்னு சொன்னா நிறைய பேருக்குத் தெரியும்) இப்படித்தான். ரத்தத்துல இருக்கற மருந்துல சுமார் 90 சதவீதத்தை ஆல்புமின்ங்கற புரதம் பிடிச்சு வெச்சுக்கும். மூளைக்குப் போய் வேலை செய்யறது மிச்சம் 10 சதவீதம். அந்த ஆல்புமினைத் தயாரிக்கறது கல்லீரல். வருஷக்கணக்கா குடிச்சு கல்லீரல் கெட்டுப்போனா ஆல்புமின் குறையும், லியன் தளரும். அவிழ்ந்த மருந்தைச் செலவழிக்க வேண்டியதும் அதே கல்லீரல்தான். அதுவும் மந்தமாயிட்டா?

நாக்பூர்ல எங்க காலனியில ஒரு தென்காசி அண்ணாச்சி இருக்கார். இருபது வருஷக் குடி. வலிப்பும் உண்டு, கல்லீரலும் போச்சு. ஒருவழியா குடியை நிறுத்தினார். மூணு மாசம் கழிச்சு நடை தள்ளாடுது, பேச்சு குழறுது. அக்கா ஸ்கூட்டர் டிக்கி, தண்ணி டேங்க் அடியெல்லாம் பாட்டில் தேடினாங்க. புனேல இருக்கற பையன் அப்பாகிட்ட ஃபோன்ல பேசறதையே விட்டுட்டான். மருந்தா இருக்குமோன்னு ரத்தம் டெஸ்ட் பண்ணினாங்க. 12 மைக்ரோகிராம். 10 முதல் 20 வரை சரியான அளவு.

"ரிப்போர்ட்டே நார்மல்னு சொல்லுதே தம்பி, அப்ப இவரு சொல்றதுதானே பொய்?"னு அக்கா கேட்டாங்க. அண்ணாச்சி தலை குனிஞ்சு உக்காந்திருந்தார். சத்தியம் பண்ணிப் பண்ணி ஓஞ்சுபோன ஆள்.

அக்காவுக்கு ஹிந்தி வராது, அதனால நரம்பு டாக்டர்கிட்ட நானும் போனேன். அவர் முதல்ல கண்ணைப் பக்கவாட்டுல பாக்கச் சொன்னார். கருவிழி வெட்டி வெட்டி ஆடுது. அப்புறம் ஆல்புமின் பாத்தார். 2.0. இருக்க வேண்டியது 3.5லேருந்து 5. காகிதத்துல கணக்குப் போட்டார். 2ஐ 0.2ஆல பெருக்கி 0.1 கூட்டினா 0.5. 12ஐ 0.5ஆல வகுத்தா 24. அதாவது ரிப்போர்ட்ல 12, உடம்புக்கு 24. மருந்து மிஞ்சிப்போனதால வந்த தள்ளாட்டம்!

இது தோராயக் கணக்குதான், கட்டுப்படாத மருந்தை நேரடியா அளந்தா நல்லது, எல்லா லேபிலும் அது கிடைக்காதுன்னும் சொன்னார். இதுல இன்னொரு கூத்து. தினமும் குடிக்கறவங்களுக்குக் கல்லீரல் இந்த மருந்தை வேகமாக் கரைச்சுடுமாம். குடியை விட்டா அந்த வேகம் அடங்கிடும். அவர் குடிச்ச காலத்துல முடிவு பண்ணின டோஸ், குடியை விட்டப்புறம் தாங்க முடியாத டோஸ் ஆயிடுச்சு. திருந்தினதுக்குக் கிடைச்ச பரிசைப் பாருங்க.

டோஸைக் குறைச்சார். (நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு விட்டா வலிப்பு அடுக்கடுக்கா வரும்.) ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற வார்ஃபரின்ல 99 சதவீதம் லியன்லதான் இருக்கும். அது சாப்பிடறவங்களும் குடியைப் பத்தி டாக்டர்கிட்ட மறைக்காதீங்க.

திரும்பி வரும்போது ஆட்டோவுல அக்கா பேசவே இல்ல. வீட்டு வாசல்ல இறங்கினதும், "பையனுக்கு நீங்களே சொல்லுங்க தம்பி, நாங்க சொன்னா நம்ப மாட்டான்"னாங்க. ஃபோன் போட்டு நம்பரையெல்லாம் படிச்சேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "ஆல்புமின் எவ்வளவுன்னு சொன்னீங்க அங்கிள்?"னு கேட்டான். திரும்பச் சொன்னேன். "அப்பா பக்கத்துல இருக்காரா?"ன்னான். ஃபோனை அண்ணாச்சிகிட்டக் குடுத்துட்டு வந்துட்டேன்.