கப்டன் ஆவுளியாவின் கொள்ளைகள்

2021 மே 21, வெள்ளி

இரவு 11 மணியிலிருந்து பயணத்தடை. கொரோனா என்று காலையில் அத்தானை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா கொட்டாஞ்சேனை வீட்டில் தனியே. பள்ளிக்கூடம் மூடியதும் வெள்ளவத்தைக்கு வந்த பெறாமகள் இனி இங்கேதான், எவ்வளவு காலத்துக்கோ. அத்தானை ஏற்றும்போது அக்கா எங்களுடன் வீடியோ அழைப்பில் இருந்தாள். பதற்றத்தில் நிறுத்த மறந்துவிட்டாள். சின்னவள் முழுவதையும் பார்த்தாள். பிறகு போய்ப் பல் விளக்கினாள்.

மே 22

அக்காவின் தொடர்மாடி ஜன்னலுக்குத் துறைமுகம் தெரியும். அதற்கு அப்பால் கடலில் புகை. எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல், நேற்று முன்தினத்திலிருந்து எரிகிறதாம். படம் அனுப்பியிருந்தாள். அத்தானைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

மே 23, ஞாயிறு

சின்னவள் கொப்பி கேட்டாள், கொடுத்தேன். பின்னேரம் வந்து நின்றாள்.

“சித்தி, ஒரு கடல்கன்னி கடற்கொள்ளைக்காரி ஆகிறாள். பகிடிக் கதைதான். ஆனா சிரிக்கக் கூடாத இடத்தில சிரிக்காதீங்க.”

பதின்மூன்று வயதுக்கு யோசனை பலமாகத்தான் இருக்கிறது. வால் உள்ளவளால் பாய்மரத்தில் ஏற முடியாது, அதனால் மீன் கூடையில் இருத்திக் கயிறு கட்டி மேலே இழுக்கிறார்கள். பலகையில் நடக்கவிட்டுக் கடலில் தள்ளும் தண்டனை அவளிடம் பலிக்காது, தள்ளினால் வீட்டுக்குப் போய்விடுவாள். தோளில் கிளிக்குப் பதில் வெள்ளவத்தைக் காகம். அது முதலில் களவெடுப்பது கப்டனின் சாப்பாட்டைத்தான்.

நான் உண்மையிலேயே வாய்விட்டுச் சிரித்தது முதற்கொள்ளைக்கு. கிரேக்கர் கதைகளில் கடலோரப் பெண்கள் பாடி மாலுமிகளை மயக்கி இழுப்பார்கள். இவள் கதையில் சூன் பாண் ஆட்டோ ‘ஃபூர் எலீஸ்’ மெட்டை ஒலித்துக்கொண்டு மரைன் டிரைவால் வருகிறது. கடலுக்குள் இருந்த கன்னி நிலைகெட்டு, தண்டவாளத்தையும் தாண்டி வாலை இழுத்துக்கொண்டு வருகிறாள். பீத்தோவன் தன் இசைக்கு இப்படி ஒரு வேலை இருக்கும் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். ஒரு தட்டு மாலு பாணைக் கொள்ளையடிக்கிறாள். கடித்ததும் உள்ளே மீன். உறவுக்காரரோ என்று அழுகிறாள். சீனிச் சம்பல் பணிஸுக்கு மாறுகிறாள், அதற்குள் மாசி. கடைசியில் ஜாம் பணிஸ். பேக்கரிக்காரர் பயந்து ஓடவில்லை, காசைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

மே 25

கடைகளை இன்று ஒரு நாள் திறந்தார்கள். காலி வீதியில் சனமான சனம். அரிசி, பருப்பு, பனடோல், அம்மாவின் பிரஷர் குளிசை. கப்பலில் பெரிய வெடிப்பாம், கொள்கலன்கள் கடலுக்குள் விழுந்துவிட்டன.

மே 27, வியாழன்

நேற்று வெசாக். கூடுகளும் இல்லை, தன்சலும் இல்லை.

இன்று முழுக்க மன்னாரில் இருந்தோம். இலங்கையின் விலங்குகளைப் பற்றி 1861இல் எமர்சன் டெனன்ட் எழுதிய நூலில் ஒரு செய்தி இருக்கிறது. 1560இல் மன்னாரில் ஆணும் பெண்ணுமாக ஏழு கடல்மனிதர்களைப் பிடித்து, கோவாவுக்குக் கொண்டுபோய், போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியின் வைத்தியர் பொஸ்கெஸ் வெட்டிப் பார்த்தாராம். உள்ளே எல்லாம் மனிதருக்கு உள்ளபடியே இருந்ததாக யேசு சபையாரின் வரலாறு சொல்கிறதாம். டெனன்ட் அதை நமுட்டுச் சிரிப்போடுதான் எடுத்துச் சொல்கிறார். போர்த்துக்கேயர் மன்னாரைப் பிடித்துக் கோட்டை கட்டியதும் அதே 1560இல்தான். வந்த வருடத்திலேயே ஆட்களைப் பிடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று நான் சொன்னேன். சின்னவள் சிரிக்கவில்லை.

அவை ஆவுளியாவாகத்தான் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் கடற்புல் மேயும் பிராணி, கடல்பசு என்றும் சொல்வார்கள். மூன்று மீற்றர் நீளம், நானூறு கிலோ வரை எடை, தடித்த மேலுதடு, அதில் முரட்டு மயிர். மூச்சுவிட மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும். இறைச்சிக்காக வேட்டையாடியே அருகிப்போய், இன்றைக்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உயிர் பிழைத்திருக்கிறது. கோபன்ஹேகனில் 1913இலிருந்து பாறையில் ஒடுங்கி இருக்கும் வெண்கலப் பெண்ணுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

“ஏழு பேரையுமே வெட்டினாங்களா?”

“அப்படித்தான் எழுதியிருக்கு.”

“அப்ப என்ர ஆள் எட்டாவது ஆள்.”

கப்டனுக்கு இப்போது பெயர் உண்டு: ஆவுளியா. இடுப்பு போய்விட்டது, மீசை வந்துவிட்டது. கன்னி நிலையிலிருந்து கொள்ளைக்கு இறங்கக் காரணமும் கிடைத்துவிட்டது. கொப்பியின் முதல் பக்கத்தில் இருந்த நீலக்கண் அழகியைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். எனக்குப் பரம திருப்தி.

மே 28

அத்தானின் போன் ஓஃப்.

மே 30, ஞாயிறு

நேற்றிரவு நித்திரை இல்லை. அதனாலோ என்னவோ இன்று ஒரே கதைப்பசி. ஒரு கடல்கன்னி கொள்ளைக்காரி ஏற்கெனவே இருக்கிறாள், அதுவும் எங்கள் ஆள் என்று சின்னவளுக்குச் சொன்னேன்.

தாய்லாந்தின் இராமாயணம் ராமகியென். முதலாம் ராமா மன்னர் காலத்தில், 1797இல் தொகுத்தது. அதில் இராவணனுக்கு சுவர்ணமச்சா என்று ஒரு மகள், இடுப்புக்குக் கீழே தங்க மீன். வானரங்கள் சேதுவுக்குக் கல் போடப் போட அது அடியில் காணாமல் போகிறது. தகப்பன் சொல்லி, மகள் தன் மீன்படையுடன் தூக்கிக்கொண்டு போகிறாள். துப்புத் துலக்க நீருக்குள் பாய்ந்த அனுமார் அவளைக் கண்டு மயங்கிவிடுகிறார். கடைசியில் கல்லெல்லாம் திரும்பி வருகிறது. இருவருக்கும் பிறக்கிறான் மச்சானு, மேலே குரங்கு, பின்னால் மீன்வால்.

அம்மா சுவாமி அறையிலிருந்து அப்படியே எழும்பி வந்துவிட்டார்.

“அனுமார் கலியாணம் கட்டினவரோ? தாய்லாந்துக்காரர் என்னவும் சொல்லுவினம். நீ அதைப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறாய்!”

வால்மீகியிலும் கம்பனிலும் இல்லைத்தான். ஆனால் அங்கே சுவர்ணமச்சாவின் படத்தை அதிர்ஷ்டத்துக்காகக் கடைகளில் தொங்கவிடுகிறார்கள். இராவணன் ஆண்டதாகச் சொல்லும் இந்தத் தீவில் அவளை அறிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அம்மாவின் கட்சி வேறு. கடலை ஆண்ட பெண் என்றால் ‘பொன்னியின் செல்வன்’ பூங்குழலிதானாம். கோடிக்கரையிலிருந்து தனியே படகு வலித்து இலங்கைக்கு வந்து போகிறவள். “அவளுக்கு வாலும் தேவைப்படேல்லை, களவும் தேவைப்படேல்லை.”

சின்னவள் இருவரையும் கவனிக்கவில்லை.

“அப்பா சொன்னதாலதானே கல்லை எடுத்தாள்? அப்ப அது களவு இல்லை.”

மே 31

புது அத்தியாயம் வாசித்துக் காட்டினாள். முகமில்லாத வெள்ளை ஆட்கள் ஒரு வெள்ளை வண்டியில் வந்து கப்டனின் கிழட்டுத் தகப்பனைக் கடலுக்குள்ளிருந்து தூக்கிப் போகிறார்கள். கப்டன் அவர்களின் கப்பல்களை ஒவ்வொன்றாய் மறித்து, தங்கத்தைத் தொடாமல், அறை அறையாய்த் திறந்து பார்க்கிறாள்.

கதையில் ஓட்டை இருக்கிறது என்றேன். கிழட்டு மீன்மனிதனால் அவர்களுக்கு என்ன லாபம்? பகிடியும் குறைந்துவிட்டது, காகத்தையே காணவில்லை. யோசிக்கிறேன் என்றாள்.

ஜூன் 1

அத்தானுக்கு ஒட்சிசன் வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 2, புதன்

கப்பலை ஆழ்கடலுக்கு இழுத்துப் போகப் பார்த்தார்கள். பின்பகுதி அடியில் தட்டி நின்றுவிட்டது. இனி அது இங்கேதான் தாழும்.

வாசிக்க வாசிக்க வயிறு எரிகிறது. 1,486 கொள்கலன்கள், அவற்றில் நைத்திரிக் அமிலம் 25 தொன். அமிலம் ஒழுகுவது 11ஆம் திகதியே கப்பலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்தக் கொள்கலனை இறக்கத் தர முடியுமா என்று கட்டாரின் ஹமாத்திலும் குஜராத்தின் ஹசிராவிலும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு துறைமுகமும் மாட்டோம் என்றன. ஒழுகலோடு கொழும்புக்கு வந்தது. கொடி சிங்கப்பூருடையது. பழைய கொள்ளைக்கப்பலில் ஒரு நேர்மை இருந்தது, மண்டையோட்டுக் கொடியைத் தூரத்திலேயே கண்டு நாம் ஓடலாம். இதற்குக் கடதாசி எல்லாம் ஒழுங்காக இருந்திருக்கும்.

இன்று எனக்குச் சூன் பாணுக்கும் சிரிப்பு வரவில்லை. அது வந்தது, ஊதிக்கொண்டு போனது.

ஜூன் 6, ஞாயிறு

எங்கள் தொடர்மாடி வாட்ச்மன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய் ஒரு ஷொப்பிங் பையில் அள்ளி வந்தார். பிளாஸ்டிக் மணிகள், சவ்வரிசி மாதிரி வெள்ளையாக. சிலது எரிந்து மஞ்சளாகி, மூன்று நான்காய் ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. விரலில் எடுத்தால் எண்ணெய்ப் பிசுக்கு, டயர் எரிந்த மணம். சரக்குப் பட்டியலில் இது தொன் தொன்னாய் இருந்திருக்கிறது, ஆயிரத்துக்கும் மேல். பாணந்துறைப் பக்கமும் நீர்கொழும்புப் பக்கமும் பாதுகாப்பு உடுப்புப் போட்டுக் கடற்படையினர் மண்ணை அரித்துக்கொண்டிருப்பதை டீவியில் காட்டினார்கள். வெள்ளை உடுப்பு, முகமூடி. சின்னவள் சனலை மாற்றினாள். “வீட்டுக்குள்ள வைக்காதே, நஞ்சு” என்று அம்மா கத்தியபடி கை கழுவ வைத்தார்.

இரவு ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிறாள், காகமும் திரும்பி வந்துவிட்டது. கப்டன் ஆவுளியா காலையில் எழும்பிப் பார்க்கிறாள், கடல் முழுக்கச் சரக்கு. மறிக்கவில்லை, சுடவில்லை, ஒரு கப்பல் தானாகவே எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போகிறது. கூட்டாளிகள் கூத்தாடுகிறார்கள். கப்டன் ஒரு மணியைக் கடிக்கிறாள், துப்புகிறாள். சாக்குகளில் கட்டுவித்து அந்தக் கப்பலைத் துரத்துகிறாள், திருப்பிக் கொடுக்க. கப்பல் பயந்து ஓடுகிறது. “கொள்ளை! கொள்ளை!” என்று கத்துகிறார்கள். “ஐயா, உங்கட சாமான்!” என்று இவள் கத்துகிறாள். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு எழுதுவினைஞர், கடிதம் ஆங்கிலத்தில் மூன்று பிரதியில் வேண்டும் என்கிறார்.

நானும் அம்மாவும் சிரித்த சிரிப்புக்கு மேல்மாடிக்காரர் கதவைத் தட்டிக் கேட்டார், சுகமா என்று.

ஜூன் 10

மீன்காரர் இரண்டு நாளாய் வரவில்லை. வந்தாலும் வாங்க ஆளில்லை. கரையோரத்தில் மீன்பிடிக்கத் தடை, தெற்கிலிருந்து வரும் மீனுக்கும் சனம் பயப்படுகிறது. டின் மீன் விலை ஏறிவிட்டது. இறந்த ஆமைகள் கரையொதுங்குகின்றன. அதைச் சின்னவளிடமிருந்து மறைத்தேன், அவள் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

ஜூன் 18

அத்தானை நாளைக்கு விடுவதாகச் சொன்னார்கள். பிறகு நாளைக்கு இல்லை, ஞாயிறு என்றார்கள். சின்னவள் கொப்பியைத் திறக்கவில்லை, உடுப்பை மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

2025 ஜூலை 24, வியாழன்

உயர் நீதிமன்றம் இன்று தீர்ப்புச் சொன்னது: கப்பல் தரப்பு ஒரு பில்லியன் அமெரிக்க டொலரை ஒரு வருடத்துக்குள் இலங்கைக்குக் கட்ட வேண்டும். கொட்டாஞ்சேனையில் இருந்தேன். அத்தான் செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். படியேறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது அவருக்கு. சின்னவள் உயர்தரம் படிக்கிறாள், கதை எழுத நேரமில்லையாம். கொப்பி என்னிடம்தான் இருக்கிறது, கப்டன் மூன்றாவது பிரதிக்காகக் காத்து நிற்கிற இடத்தோடு சரி.

“காசு ஆருக்குச் சித்தி?” என்று கேட்டாள். அரசாங்கத்துக்கு, அதன் வழியாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு என்றேன்.

தீர்ப்பு நியாயமானது. ஆனால் நீர்கொழும்பில் வலை காயப்போட்டுக் காத்திருந்தவனின் கைக்கு அது வந்து சேரும்வரை கொண்டாட ஒன்றுமில்லை.