எந்த பாக்டீரியா போட்டீங்க?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிஞ்சதிலிருந்து எல்லாரும் என்கிட்ட கேட்கிற கேள்வி இது. எதுவும் போடலைன்னு சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. எண்ணெய் தின்னும் பாக்டீரியான்னாலே லேப்ல செஞ்ச ஒரு ஹீரோ வந்து இறங்கணும் நம்ம ஆளுங்களுக்கு.

அப்படி ஒரு ஹீரோ நிஜமாவே இருந்தது. ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய சூடோமோனாஸ். அதற்கு பேடன்ட் தரலாம் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. ஆனால் 1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பல் அலாஸ்காவில் பாறையில் மோதி சுமார் 4 கோடி லிட்டர் கச்சா எண்ணெய் கொட்டினப்போ, கரையைச் சுத்தம் பண்ண அந்த ஹீரோ வரலை. கரையில் போட்டது உரம்! எண்ணெய் தின்னத் தெரிந்த கிருமிகள் அந்தக் கூழாங்கல்லுக்கு நடுவிலேயே இருந்தன. எண்ணெயில் கார்பனுக்குக் குறைவில்லை, நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் கிடைக்காது. தட்டு நிறைய சோறு, தொட்டுக்க எதுவும் இல்லாத நிலைமை.

எங்க அப்பாவுக்கு டூவீலர் மெக்கானிக் ஷெட். பின்பக்கம் இருபது வருஷமா பழைய எஞ்சின் ஆயில் ஊத்தின மண், தார் மாதிரி இருக்கும். என் ஃபீஸ் எல்லாம் அந்த ஷெட்ல வந்த காசு. அதனால அந்த மண்ணைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு வராது. ரெண்டு பக்கெட் அள்ளிட்டு வந்தேன். ஒண்ணுல யூரியா, டிஏபி கரைச்ச தண்ணி ஊத்தி தினமும் கிளறல், இன்னொண்ணு சும்மா. பத்து வாரத்துல கிளறின மண்ணில் எண்ணெய் நல்லாவே குறைஞ்சிருந்தது. முழுசா போகலை. கனமான பகுதி லேசில் சிதையாது. எஞ்சின் தேய்ஞ்சு வந்த உலோகத்தை எந்தக் கிருமியாலும் தின்னு தீர்க்க முடியாது.

அப்பா ரிசல்ட் எல்லாம் கேட்டுட்டு, "சரிப்பா, நம்ம போர் தண்ணிக்கு என்ன வழி?"ன்னார். பேனல்ல யாருமே கேட்காத கேள்வி.

பக்கெட்டைக் கிளறலாம். முப்பதடி ஆழத்துல யார் கிளறுவது? ஒரு கிராம் எண்ணெயைச் சிதைக்க மூணு கிராமுக்கு மேல ஆக்சிஜன் வேணும். ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்கிறது அதிகபட்சம் எட்டு மில்லிகிராம் சொச்சம். அப்போ ஒரு லிட்டர் ஆயிலுக்கு மூணு லட்சம் லிட்டர் தண்ணியோட மூச்சு! அதனாலதான் நீர்மட்டத்துக்குக் கீழே குழாய் இறக்கி மெதுவா காற்றை ஊதுறாங்க. பயோஸ்பார்ஜிங்னு பேர்.

இதைச் சொன்னதும் அப்பா டயருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரசரைக் காட்டி, "இது பத்தாதா?"ன்னார். மாசக்கணக்குல ஓடணும்ப்பா, கரன்ட் பில்லு யார் கட்டுறதுன்னேன். அவர் சிரிச்சார். ஆனா அடுத்த வாரமே பின்பக்கம் ஒரு பேரல் வந்துடுச்சு. பழைய ஆயில் இப்ப அதுலதான் சேருது, எடைக்கு வாங்குற ஆள் வந்து எடுத்துட்டுப் போறார். குழாய் எத்தனை அடி இறக்கணும்னு நான் இன்னும் கணக்குப் போட்டுட்டு இருக்கேன்.