கொல்லாங்கொட்டையும் கரிபடிந்த கைகளும்

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் ஆதனக்கோட்டையை அடைந்ததும் வறுத்த முந்திரியின் மணம் பேருந்துக்குள் புகுந்துவிடும். சாலையோரத்தில் பெண்கள் கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பைப் பொட்டலமிட்டு விற்பது நம் மாவட்டத்தார் பல்லாண்டுகளாய்க் கண்டுவரும் காட்சியாகும். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்த இம்மரம், நம் செம்மண்ணில் வேரூன்றிக் 'கொல்லாமரம்' என்னும் பெயரும் பெற்று நம்மூர் மரமாகவே ஆகிவிட்டது.

நாம் மாணவராயிருந்தபோது, பெருநாளுக்குத் தம் அடை செய்யப் பருப்பு வாங்கிவரும் பொறுப்பு நம்மிடம் வந்தது. சாலையோரப் பருப்பில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் இருந்தன. அதனை ஒதுக்கி, நகரத்துக் கடையொன்றில் வெள்ளை வெளேரெனப் பெரிதாயிருந்த பருப்பைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் சென்றோம். நன்னி ஒன்றை வாயிலிட்டுப் பார்த்தார். சிக்குவாடை! "கண்ணுக்கு வாங்கி வந்திருக்கிறாய் அத்தா, வாய்க்கு வாங்கி வரவில்லை" என்றார். அன்று கற்ற பாடம் இன்றும் நினைவில் நிற்கிறது.

கடைகளில் 180, 240, 320 என்று தரம் குறிப்பார்கள். அது ஒரு பவுண்டு எடையில் எத்தனை பருப்புகள் நிற்கும் என்பதைக் காட்டும் கணக்கே. எண் குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். சுவைக்கு அந்த எண் சான்றாகாது. ஒடித்தால் 'படக்'கென ஒடிய வேண்டும், முகர்ந்தால் எண்ணெய்ச் சிக்கு இருத்தலாகாது. அடைக்கும் கேக்குக்கும் உடைந்த பருப்பே போதும்.

முந்திரிப் பருப்பின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கொழுப்பு. ஆகவே காற்றும் ஈரமும் வெப்பமும் அதற்குப் பகை. நன்னி, கோடையில் கிடைக்கும் கொட்டைகளை ஓட்டோடு நன்கு வெயிலில் காயவைத்துப் பானையில் இட்டு வைப்பார். வேண்டும்போது வேண்டிய அளவே உடைப்பார். இன்று இறுக மூடிய புட்டியில் இட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் பல மாதங்கள் கெடாதிருக்கும்.

வறுத்த ரவையுடன் முட்டை, சர்க்கரை, நெய், ஏலப்பொடி சேர்த்து ஊறவைத்து, சட்டியில் ஊற்றி, அடியிலும் மூடியின் மேலும் தணல் இடுவதே தம். மேற்பரப்பு சற்று இறுகியபின் மூடியை எடுத்துப் பருப்பைப் பதிப்பார் நன்னி. முன்னரே இட்டால் அது மாவுக்குள் அமிழ்ந்துவிடும்.

இனிப்பின் உச்சியில் பொன்னிறமாய் அமரும் அப்பருப்பு எளிதில் வருவதன்று. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் காரமுடையது. வறுக்கையில் ஓடு தீப்பற்றும், புகை கண்ணைக் கரிக்கும். உடைப்போரின் விரல்களில் ஏறிய கறுப்பு எளிதில் அகலாது. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் நம் மாவட்டத்தின் முந்திரி மரங்கள் பெருமளவில் சாய்ந்தன. தென்னையோடும் பலாவோடும் இவர்களின் பிழைப்பும் அன்று சாய்ந்தது. புதுக் கன்று நட்டால் காய்க்கச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

நாம் அன்று புள்ளியெனக் கண்டு ஒதுக்கியது நெருப்பின் தழும்பே. இப்போது அவ்வழியே செல்லும்போதெல்லாம் இறங்கி வாங்குகிறோம். பேரம் பேச நா எழும்போது, பொட்டலத்தை நீட்டும் அந்தக் கரிபடிந்த கையைப் பார்க்கிறோம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.